கல்லூரி விண்ணப்பக் கட்டுரைக்கான பொருள் தெரிவு

கல்லூரி விண்ணப்பக் கட்டுரை என்பது, ஐக்கிய அமெரிக்காவில் இளநிலைப் பட்டப்படிப்பில் சேர விரும்பும் மாணவர் தமது விண்ணப்பத்துடன் அனுப்பும் சிறிய தன்வரலாற்றுக் கட்டுரை ஆகும். மதிப்பெண் பட்டியலும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் மாணவரைப் பற்றிப் பிறர் கூறுவன. இக்கட்டுரை மாணவர் தம்மைப் பற்றித் தாமே கூறுவது. எதைப் பற்றி எழுதுவது என்பதைப் பெரும்பாலும் மாணவரே முடிவு செய்யவேண்டியிருப்பதால், எழுதுவதைவிடப் பொருளைத் தெரிவு செய்வதே பலருக்குக் கடினமாக உள்ளது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் படித்து அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு இம்முறை முற்றிலும் புதியது. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கை மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்களின் தரவரிசைப்படியும், இலங்கையில் அரச பல்கலைக்கழக அனுமதி உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியின் அடிப்படையிலும் நடைபெறுகின்றன. இரண்டிலும் மாணவர் யார் என்னும் கேள்விக்கு இடமில்லை. பள்ளியில் எழுதப் பழகும் கட்டுரைகளும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் சட்டகத்துள் பொதுப்பொருள் ஒன்றைப் பற்றியே அமைகின்றன. அவற்றில் "நான்" என்னும் சொல் வருவது அரிது. ஆகவே, தம்மைப் பற்றி எழுதுமாறு கேட்கப்படும் மாணவர், கல்வியின் சிறப்பைப் பற்றியோ நாட்டின் முன்னேற்றத்தைப் பற்றியோ எழுதிவிடுவது வழக்கமாகக் காணப்படும் பிழையாகும்.

அமைப்பும் அளவும்

அமெரிக்கக் கல்லூரிகள் அனைத்துக்கும் பொதுவான ஓர் அனுமதி முறை இல்லை. எனினும் காமன் அப்ளிகேஷன் எனப்படும் பொது விண்ணப்பம் பரவலாகப் பயன்படுகின்றது. 1975 ஆம் ஆண்டில் 15 தனியார் கல்லூரிகள் சேர்ந்து தொடங்கிய இவ்வமைப்பில் இப்போது 1,000 க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உறுப்பினராக உள்ளன. இதில் மாணவர் ஒருமுறை எழுதும் முதன்மைக் கட்டுரை, கட்டுரை கோரும் எல்லாக் கல்லூரிகளுக்கும் செல்லும். அதன் அளவு 250 சொற்களுக்குக் குறையாமலும் 650 சொற்களுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். தட்டச்சிட்டால் ஏறத்தாழ ஒன்றேகால் பக்கம்.

இவ்விண்ணப்பம் ஏழு கேள்விகளைத் தந்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்கின்றது. மாணவரின் பின்னணி அல்லது ஈடுபாடு, சந்தித்த தோல்வி, கேள்விக்குள்ளாக்கிய ஒரு நம்பிக்கை, எதிர்பாராத விதமாக நன்றியுணர்வு தந்த ஓர் உதவி, வளர்ச்சிக்குக் காரணமான ஒரு நிகழ்வு, நேரம் போவது தெரியாமல் ஆழ்ந்துவிடச் செய்யும் ஒரு கருத்து ஆகியன முதல் ஆறு. ஏழாவது, மாணவர் விரும்பும் எந்தப் பொருளும். இந்த ஏழாவது கேள்வி 2013 இல் நீக்கப்பட்டு 2017 இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. நன்றியுணர்வு பற்றிய கேள்வி 2021 இல் வந்தது. ஏழாவது கேள்வி இருக்கும்வரை மற்ற ஆறும் கட்டளைகள் அல்ல, தூண்டல்களே. முதலில் பொருளைக் கண்டுகொண்டு, பிறகு அது எந்தக் கேள்வியின் கீழ் அடங்கும் என்று பார்ப்பதே எளிய வழி.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தனி விண்ணப்பத்தைப் பயன்படுத்துகின்றது. 2016 ஆம் ஆண்டு விண்ணப்பம் முதல், எட்டுக் கேள்விகளில் நான்கிற்கு ஒவ்வொன்றும் 350 சொற்களுக்கு மிகாமல் விடை கேட்கின்றது. இங்கு இலக்கிய நயம் எதிர்பார்க்கப்படுவதில்லை. நேர்காணலில் கேட்ட கேள்விக்கு விடை சொல்வதுபோல் நேரடியாக எழுதுவதே பொருத்தம். முதலாண்டு விண்ணப்பதாரர் பொதுவாகப் பரிந்துரைக் கடிதம் அனுப்பவேண்டியதில்லை, சாட் போன்ற தேர்வு மதிப்பெண்களும் சேர்க்கை முடிவுக்குக் கருதப்படுவதில்லை என்பதால் இவ்விடைகளுக்கு இங்கு முக்கியத்துவம் அதிகம்.

மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஒரு நீண்ட கட்டுரைக்கு மாறாகப் பல சிறு கேள்விகளைக் கேட்கின்றது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் துணைக் கேள்விகளுள், வருங்கால அறைத்தோழருக்கு எழுதும் குறிப்பு நன்கறியப்பட்டது. சிக்காகோ பல்கலைக்கழகம் விசித்திரமான கேள்விகளுக்குப் பெயர்பெற்றது. "எக்ஸைக் கண்டுபிடி" என்பது அவற்றுள் ஒன்று. புதன்கிழமையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பது மற்றொன்று. இக்கேள்விகளுள் பல, மாணவர்களே எழுதி அனுப்புபவை. இவற்றுக்குச் சரியான விடை என்று ஒன்று கிடையாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தோற்றம்

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பழைய கல்லூரிகளில் சேர்வதற்கு நுழைவுத் தேர்வில் தேறினால் போதுமானதாக இருந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் பெருமளவில் இத்தேர்வுகளில் தேறத் தொடங்கினர். 1920 களின் தொடக்கத்தில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் யூத மாணவர் பங்கு ஐந்தில் ஒன்றைத் தாண்டியது. அதன் தலைவர் ஏ. லாரன்ஸ் லோவல் 1922 இல் யூத மாணவர்களுக்கு உச்சவரம்பு விதிக்க முயன்றார். வெளிப்படையான வரம்பைப் பேராசிரியர்கள் ஏற்கவில்லை. அதன்பின் வேறு வழி கையாளப்பட்டது. விண்ணப்பப் படிவங்கள் மாணவரின் சமயம், தந்தை பிறந்த இடம், குடும்பப் பெயர் எப்போதாவது மாற்றப்பட்டதா என்பவற்றையெல்லாம் கேட்டன. ஒளிப்படம், நேர்காணல், பரிந்துரை என்பன சேர்ந்தன. அறிவுத்திறனுடன் "குணநலன்" என்னும் அளவுகோலும் வைக்கப்பட்டது. அளக்க முடியாத அளவுகோல் என்பதனாலேயே அது பயன்பட்டது. இவ்வரலாற்றைச் சமூகவியலாளர் ஜெரோம் கராபெல் 2005 இல் வெளியான "தி சோசன்" என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

மாணவரை முழு மனிதராகப் பார்க்கின்றோம் என்று கல்லூரிகள் இன்று கூறுவது இந்த மரபின் தொடர்ச்சியே. நோக்கம் மாறிவிட்டது, ஒருகாலத்தில் சிலரை விலக்கப் பயன்பட்ட முறை, பின்னர் வாய்ப்புக் குறைந்தோரை உள்ளே கொணரவும் பயன்பட்டது. எனினும் யாரைச் சேர்ப்பது என்பதில் கல்லூரிக்கு மிகுந்த விருப்புரிமை தரும் அதன் இயல்பு மாறவில்லை.

கட்டுரைக்கு எவ்வளவு எடை என்பது காலத்துக்குக் காலம் மாறியுள்ளது. 1990 களின் இறுதியில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 150 புள்ளி கொண்ட பட்டியலால் மாணவர்களை மதிப்பிட்டது. அதில் மிகச் சிறந்த கட்டுரைக்கும் 3 புள்ளிகளே கிடைத்தன. சிறுபான்மை இனத்தவர்க்கு 20 புள்ளிகள் இருந்தன. 2003 இல் உச்ச நீதிமன்றம் கிராட்ஸ் எதிர் போலிஞ்சர் வழக்கில் இப்புள்ளி முறையைச் செல்லாததாக்கியது. பல்கலைக்கழகம் உடனே புதிய விண்ணப்பத்தில் கட்டுரைகளைக் கூட்டி, அவற்றைப் படிக்கக் கூடுதல் ஆட்களையும் அமர்த்தியது. எண்ணால் செய்யக்கூடாததைக் கட்டுரையால் செய்வது என்னும் போக்கு இங்கிருந்து வலுப்பெற்றது எனலாம்.

படிப்போர் எதிர்பார்ப்பது

கட்டுரையைப் படிப்பவர் அனுமதி அலுவலர். ஆர்வர்டு 2021 இல் 57,000 க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களைப் பெற்றது. லாஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அண்மைய ஆண்டுகளில் 1,40,000 க்கும் மேற்பட்ட முதலாண்டு விண்ணப்பங்களைப் பெற்றுள்ளது. ஒரு முழு விண்ணப்பத்துக்கும் சேர்த்துச் சில நிமிடங்களே கிடைக்கும் என்பது இவ்வெண்களிலிருந்தே விளங்கும். உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்களும் படித்த பாடங்களின் கடினமுமே முடிவில் முதலிடம் பெறுகின்றன. கட்டுரை அவற்றுக்கு அடுத்த நிலையில் உள்ளது. குறைந்த மதிப்பெண்ணை நல்ல கட்டுரை ஈடுசெய்வது அரிது. மதிப்பெண்ணில் ஏறத்தாழ ஒத்திருக்கும் பலருள் ஒருவரைப் பிரித்துக் காட்டுவதே அதன் பணி.

இதிலிருந்து பொருள் தெரிவுக்கான முதல் விதி பெறப்படுகின்றது. விண்ணப்பத்தின் வேறு பகுதியில் ஏற்கெனவே உள்ளதைக் கட்டுரை திரும்பக் கூறினால் படிப்பவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. மாநில அளவில் பரிசு பெற்ற செய்தி செயற்பாடுகள் பட்டியலில் ஒரு வரியாக இருக்கும்போது, அதையே 650 சொற்களுக்கு நீட்டுவது இடத்தை வீணாக்குவதாகும். கட்டுரையைத் தொடங்கும் முன் மாணவர் தம் விண்ணப்பத்தின் மற்றப் பகுதிகளை அயலார் ஒருவர் படிப்பதுபோல் படித்து, அதில் இல்லாத தம்மைத் தேடுதல் வேண்டும்.

படிப்பவர் பெரிய நிகழ்வுகளைத் தேடுவதாக மாணவர்கள் எண்ணுகின்றனர். பதினேழு வயதினருள் பெரும்பாலோர்க்கு அவ்வாறான நிகழ்வுகள் இருப்பதில்லை என்பதைப் படிப்பவரும் அறிவார். 2016 இல் டெலவெயர் மாநில மாணவி ஒருவர், காஸ்ட்கோ என்னும் மொத்த விற்பனைக் கடைக்குச் சிறுவயது முதல் சென்றுவந்ததைப் பற்றிக் கட்டுரை எழுதி, ஸ்டான்ஃபோர்டு உட்படப் பல முன்னணிப் பல்கலைக்கழகங்களில் இடம் பெற்றார். 2017 இல் நியூ செர்சி மாணவர் ஒருவர், உமக்கு எது முக்கியம், ஏன் என்னும் ஸ்டான்ஃபோர்டின் கேள்விக்கு, கறுப்பின மக்கள் உரிமை இயக்கத்தின் முழக்கத்தை நூறு முறை எழுதியனுப்பினார். அவருக்கும் இடம் கிடைத்தது. இவ்விரண்டும் செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்டன. ஆனால் இவர்கள் கட்டுரையினால்தான் இடம் பெற்றனர் என்று கொள்ள ஆதாரம் இல்லை. விண்ணப்பத்தின் மற்றப் பகுதிகள் செய்தியில் பேசப்படுவதில்லை. அடுத்த ஆண்டு கடைகளைப் பற்றி எழுதியவர்களுக்கு இது உதவியிராது.

பொருளைத் தேடும் முறை

பொருளைவிட அதன் அளவே முதலில் கவனிக்கத்தக்கது. 650 சொற்களில் ஒருவருடைய வாழ்க்கை அடங்காது. ஒரு பழக்கம், ஒரு பொருள், ஒரு பிற்பகல் அடங்கும். "விடாமுயற்சி", "தலைமைப் பண்பு", "என் பண்பாடு" என்று தொடங்குவோர் பொதுமையில் சிக்கிக்கொள்கின்றனர். இவை கட்டுரையின் முடிவில் படிப்பவர் தாமாக அடையவேண்டிய எண்ணங்கள். தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் அவை விளம்பரமாகிவிடும்.

எடுத்துக்காட்டாக, வார இறுதிகளில் பெற்றோரின் இந்திய மளிகைக் கடையில் பணிபுரியும் மாணவி ஒருவரைக் கொள்ளலாம். அவர் முன் மூன்று பொருள்கள் உள்ளன. எந்திரனியல் குழுவின் தலைவராக இருந்து பெற்ற வெற்றி ஒன்று. பாட்டியின் மறைவு மற்றொன்று. கடையில் காய்கறிகளுக்குப் பெயரட்டை எழுதும் வேலை மூன்றாவது. முதலாவது செயற்பாடுகள் பட்டியலில் உள்ளது. குழுவை வழிநடத்திய ஆசிரியரும் தம் கடிதத்தில் அதைக் குறிப்பிடுவார். இரண்டாவது உண்மையான துயரம், எனினும் எழுதிப் பார்த்தால் கட்டுரையில் பாட்டியே நிறைந்திருப்பார். படிப்பவர் பாட்டியைச் சேர்த்துக்கொள்ள விரும்புவாரேயன்றி மாணவியை அறிந்திருக்க மாட்டார்.

மூன்றாவது முதற்பார்வைக்கு அற்பமானது. ஆனால் கொத்தவரங்காய்க்குப் பெயரட்டை எழுதும்போது என்ன நிகழ்கின்றது என்று அம்மாணவி எண்ணிப் பார்க்கத் தொடங்கினால் நிலைமை மாறுகின்றது. குசராத்திக் குடும்பத்தினர் அதைக் குவார் என்பர். தெலுங்கர் கோரு சிக்குடு என்பர். ஆங்கிலத்தில் அதற்கொரு பெயர் உண்டு, ஆனால் அப்பெயரைச் சொல்லி அதைக் கேட்டு வருபவர் மிகக் குறைவு. எந்தப் பெயரை மேலே எழுதுவது என்பதில் தந்தைக்கும் வாடிக்கையாளருக்கும் வாக்குவாதம் எழலாம். எழுதத் தெரியாத ஓர் எழுத்தை வாடிக்கையாளரான மூதாட்டி ஒருவர் அட்டையில் திருத்திக் கொடுத்திருக்கலாம். இவற்றுள் உண்மையில் நிகழ்ந்தவற்றை மாணவி எழுதும்போது, அவருடைய கவனிப்பு, பொறுமை, சொற்களின் மீதுள்ள ஆர்வம், குடும்பத் தொழிலில் அவருக்குள்ள பங்கு ஆகியன சொல்லாமலே வெளிப்படும். மொழியியல் படிக்க விரும்புகின்றேன் என்று முடிவில் ஒட்டவைக்க வேண்டிய தேவையும் எழாது. கணினியியல் படிக்க விரும்பினாலும் இக்கட்டுரை தவறாகப் போவதில்லை.

ஒரு பொருள் தகுதியானதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கட்டுரையிலிருந்து மாணவரின் பெயரை நீக்கி, அதே வகுப்பில் படிக்கும் வேறொருவரின் பெயரை இட்டுப் பார்க்கவேண்டும். கட்டுரை அப்போதும் பொருந்துமானால் பொருளோ அதைக் கையாண்ட விதமோ போதாது. மற்றொரு சோதனை, எழுதுபவருக்கே அதன் முடிவு முன்கூட்டித் தெரியுமா என்பது. எழுதத் தொடங்கும்போது தமக்குத் தெரியாதிருந்த ஒன்றை எழுதி முடிக்கும்போது கண்டுகொண்ட மாணவரின் கட்டுரை, படிப்பவருக்கும் ஆர்வமூட்டும். இதனால் ஒரே பொருளில் பலமுறை வரைவு எழுதுவதைவிட, முதலில் மூன்று நான்கு பொருள்களில் அரைப்பக்கம் வீதம் எழுதிப் பார்ப்பது பயன் தரும். நாள்தோறும் செய்யும் வேலைகள், வீட்டில் தமக்கு மட்டுமே தெரிந்த காரியங்கள், பிறர் கேலி செய்யும் ஈடுபாடுகள், அண்மையில் மனம் மாறிய ஒரு கருத்து ஆகியவற்றிலிருந்து பொருள்கள் கிடைக்கும். "பெரும்பாலோர் செய்யாத ஒன்று" என்று தேடினால் கிடைப்பது குறைவு.

சான்ஸ் ஆப்கின்ஸ் பல்கலைக்கழகம், ஆமில்டன் கல்லூரி போன்றவை இடம்பெற்ற மாணவர்களின் கட்டுரைகள் சிலவற்றை வெளியிட்டு வருகின்றன. இவற்றைப் படிப்பதில் நன்மையும் தீங்கும் உண்டு. எவ்வளவு சிறிய பொருளிலும் எழுத முடியும் என்று தெரிந்துகொள்வது நன்மை. அவற்றின் நடையைப் போலச்செய்யத் தோன்றுவது தீங்கு. உரையாடலின் நடுவில் திடீரெனத் தொடங்குவது இதனால் ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டது.

தேய்ந்த பொருள்கள்

சில பொருள்களைத் தவிர்க்குமாறு வழிகாட்டி நூல்கள் கூறுகின்றன. விளையாட்டில் காயமுற்று மீண்டு வந்து வென்றது, ஏழை நாடொன்றில் ஒரு வாரம் தொண்டு செய்து "அவர்களிடம் நான் கற்றது அதிகம்" என்று உணர்ந்தது, தாத்தா பாட்டியின் மறைவு, புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தது ஆகியன இப்பட்டியலில் தவறாமல் இடம்பெறும். தெற்காசியப் பின்னணி கொண்ட மாணவர்களிடையே மேலும் ஒன்று உண்டு. பள்ளிக்குக் கொண்டுசென்ற மதிய உணவின் மணத்தைப் பிற மாணவர்கள் கேலி செய்ததும், முதலில் வெட்கப்பட்டுப் பின்னர் தம் பண்பாட்டில் பெருமை கொண்டதும் பற்றிய கட்டுரை அது. பலருக்கு அது உண்மையாகவே நிகழ்ந்துள்ளது. அது எவ்வாறு முடியும் என்பது இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிடுவதுதான் குறை.

இத்தகைய பட்டியல்களை முழுமையாக நம்புவதும் சரியன்று. பொருள் தேய்வதில்லை, அதன் பாதைதான் தேய்கின்றது. காயமுற்ற ஆட்டக்காரர் மீண்டும் வெல்லாமல், ஆட்டக் கணக்கெழுதுபவராக ஓராண்டு அமர்ந்து, அதில் தாம் கண்டதை எழுதினால் அது தேய்ந்த கட்டுரை அன்று.

துன்பத்தைப் பற்றி எழுதுதல்

பொருள் தெரிவில் மிகவும் சிக்கலான பகுதி இதுவாகும். சவால்களைப் பற்றிய கேள்விகள் எல்லா விண்ணப்பங்களிலும் இருப்பதால், துன்பம் இல்லாமல் இடமில்லை என்னும் எண்ணம் மாணவர்களிடையே பரவியுள்ளது. வறுமை, நோய், பெற்றோர் பிரிவு, வன்முறை ஆகியவற்றைக் கண்டவர், அதை எழுதாவிட்டால் வாய்ப்பை இழப்போம் என்று அஞ்சுகின்றார். அவ்வாறு எதையும் காணாதவர், தம் வாழ்வில் எழுதத்தக்கது எதுவுமில்லை என்று கருதுகின்றார். இரண்டும் மாணவரைத் தம் வாழ்க்கையைப் பிறர் விலை மதிப்பது போலப் பார்க்கப் பழக்குகின்றன.

இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு ஒரு நிகழ்வைக் கூறலாம். லூசியானா மாநிலத்தின் சிறிய தனியார் பள்ளி ஒன்று, தன் கறுப்பின மாணவர்களை முன்னணிக் கல்லூரிகளில் சேர்த்ததற்காகப் புகழ்பெற்றிருந்தது. அப்பள்ளி மதிப்பெண் பட்டியல்களைத் திரித்ததாகவும், மாணவர்களின் விண்ணப்பங்களில் நிகழாத துன்பங்களைப் புனைந்து சேர்த்ததாகவும் 2018 நவம்பர் இறுதியில் நியூ யோர்க் டைம்ஸ் நாளிதழ் செய்தி வெளியிட்டது. உண்மையில் தங்களுக்கிருந்த திறமையையும் பிறர் ஐயத்துடன் பார்க்கும் நிலை அம்மாணவர்களுக்கு நேர்ந்தது.

துன்பத்தை எழுதக்கூடாது என்பதில்லை. அது மாணவரின் வாழ்வை உருவாக்கியிருந்தால் அதை மறைத்து எழுதுவது செயற்கையாகும். கவனிக்கவேண்டியவை இரண்டு. முதலாவது, நிகழ்விலிருந்து மாணவர் எவ்வளவு தொலைவு வந்துள்ளார் என்பது. இன்னும் ஆறாத புண்ணைப் பற்றி, அதுவும் தீர்ப்பளிக்கப்போகும் அயலாருக்கு எழுதுவது மாணவரையே வருத்தும். தம்மைத்தாமே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் கட்டுரையில் வெளிப்பட்டால் சில கல்லூரிகள் பள்ளி ஆலோசகரைத் தொடர்புகொள்வதும் உண்டு. இரண்டாவது, அத்துன்பம் மாணவருக்கு மட்டும் உரியதா என்பது. தந்தையின் குடிப்பழக்கமும் தமக்கையின் நோயும் அவர்களுடைய கதைகளும் ஆகும். அவர்கள் படித்தால் ஏற்றுக்கொள்வார்களா என்னும் கேள்வியைப் பல மாணவர்கள் எழுப்புவதே இல்லை.

மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் சொல்லவேண்டியிருந்தால் அதற்கு முதன்மைக் கட்டுரை தேவையில்லை. பொது விண்ணப்பத்தில் 2020 இல் கொரோனாப் பெருந்தொற்றையொட்டி 250 சொற்களுக்குத் தனியிடம் ஒன்று சேர்க்கப்பட்டது. 2025 இல் அது "சவால்களும் சூழ்நிலைகளும்" என்று பெயர் மாற்றப்பட்டு, வீட்டு நிலை, உடல்நலம், குடும்பப் பொறுப்புகள் முதலிய எல்லா இடர்களுக்கும் உரியதாக்கப்பட்டது. தாய் மருத்துவமனையில் இருந்த ஆறு மாதங்களை அங்கே நான்கு வரிகளில் கூறிவிட்டு, முதன்மைக் கட்டுரையில் தாம் பறவைகளைப் பார்ப்பதைப் பற்றி ஒருவர் எழுதலாம். இவ்வசதி பலருக்குத் தெரிவதில்லை.

2023 ஆம் ஆண்டுத் தீர்ப்பு

2023 சூன் 29 அன்று ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆர்வர்டு, வட கரோலினா ஆகிய பல்கலைக்கழகங்களுக்கு எதிரான வழக்குகளில், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருதும் அவற்றின் முறைகள் அரசியலமைப்பின் சமத்துவ விதிக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பின் இறுதிப் பகுதி கட்டுரைக்கு எதிர்பாராத முக்கியத்துவத்தை அளித்தது. இனம் தம் வாழ்வை எவ்வாறு பாதித்தது என்று விண்ணப்பதாரர் எழுதுவதைப் பல்கலைக்கழகங்கள் கருத்திற்கொள்ளத் தடையில்லை. ஆனால் அது அம்மாணவரின் துணிவு, திறமை போன்ற தனிப் பண்புடன் இணைந்திருக்கவேண்டும். தடைசெய்யப்பட்ட முறையைக் கட்டுரை வழியாக மீண்டும் நிறுவக்கூடாது என்பது அதன் சாரம்.

சில மாதங்களுக்குள் கல்லூரிகள் தம் கேள்விகளை மாற்றியமைத்தன. சாரா லாரன்ஸ் கல்லூரி தீர்ப்பின் அப்பகுதியையே எடுத்துக்காட்டிக் கேள்வி அமைத்தது. ஆர்வர்டு முன்பிருந்த விருப்பக் கட்டுரையை நீக்கி ஐந்து குறுங்கேள்விகளை வைத்தது. இதனால் சிறுபான்மை மாணவர் தம் இனத்தைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்னும் அழுத்தம் கூடியதாகவும், எழுதினால் அது தமக்கு எதிராக அமையுமோ என்று ஆசிய மாணவர் சிலர் அஞ்சுவதாகவும் ஆலோசகர்கள் கூறுகின்றனர். எழுதுவதா, விடுவதா என்பது மாணவரின் உரிமை. ஒட்டுமொத்த அடையாளத்தைப் பற்றியன்றித் தமக்கு நேர்ந்த ஒன்றைப் பற்றி எழுதும் கட்டுரையே தீர்ப்பின் வரையறைக்கும் நல்ல எழுத்துக்கும் ஒருசேரப் பொருந்தும்.

பணமும் பிறர் உதவியும்

தேர்வு மதிப்பெண் பணக்காரர்க்குச் சாதகமானது, கட்டுரை அவ்வாறு அன்று என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. 2021 இல் சயன்ஸ் அட்வான்சஸ் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, 2016 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த ஏறத்தாழ 60,000 மாணவர்களின் கட்டுரைகளைக் கணினியால் ஆராய்ந்தது. கட்டுரையின் பொருளும் நடையும், சாட் மதிப்பெண்ணைவிட வலுவாகக் குடும்ப வருமானத்துடன் தொடர்புற்றிருப்பதை அது காட்டியது. கட்டணம் பெறும் ஆலோசகர்கள் பொருளைத் தேடித் தருவது முதல் வரைவுகளைத் திருத்துவது வரை உதவுகின்றனர். வசதியற்ற மாணவர்க்குப் பெரும்பாலும் பள்ளி ஆலோசகர் ஒருவரே உண்டு, அவரும் நூற்றுக்கணக்கான மாணவர்களைக் கவனிக்கவேண்டியவர்.

2022 நவம்பரில் சாட்சிபிடி வெளியானபின் இச்சிக்கல் வேறு உருவம் பெற்றது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய உள்ளடக்கத்தைத் தம்முடையதாக அனுப்புவதைப் பொது விண்ணப்பம் 2023 இல் மோசடியாக வரையறுத்தது. தியூக் பல்கலைக்கழகம், கட்டுரை மாணவரின் எழுத்துத்திறனைக் காட்டுவதாக இனிக் கொள்ளமுடியாது என்று கருதி, 2024 இல் கட்டுரைகளுக்கு எண் மதிப்பு வழங்குவதைக் கைவிட்டது. எனினும் மாணவரை அறிந்துகொள்ள அவற்றைத் தொடர்ந்து படிக்கின்றது. பொருள் தெரிவைப் பொறுத்தவரை இதில் ஒரு பாடம் உண்டு. இத்தகைய மென்பொருளிடம் பொருள் கேட்டால், எல்லோரும் எழுதுவதன் சராசரியே கிடைக்கும். கொத்தவரங்காய் அட்டையைத் திருத்திய மூதாட்டி அதற்குத் தெரியாது.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியத்தில் யூக்காசு என்னும் மைய அமைப்பின் வழியாக விண்ணப்பிப்போர் தன்னறிக்கை ஒன்றை எழுதுகின்றனர். இதற்கும் அமெரிக்கக் கட்டுரைக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல் ஒன்றையே இரண்டிற்கும் அனுப்புவோர் உளர். பிரித்தானிய அறிக்கை படிக்க விரும்பும் பாடத்தைப் பற்றியது. மாணவரின் சிறுவயது நினைவுகளுக்கு அங்கு இடம் மிகக் குறைவு. இடைவெளிகள் உட்பட 4,000 எழுத்துருக்கள் அதன் உச்ச அளவு. 2026 ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் அது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இப்பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர், இதுவரை பெற்ற கல்வி அதற்கு எவ்வாறு ஆயத்தம் செய்தது, கல்விக்கு வெளியே என்ன செய்தீர் என்பன அவை.

பார்த்தெழுதுதல் அங்கும் சிக்கலாக இருந்துள்ளது. 2007 இல் யூக்காசு 50,000 அறிக்கைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, மருத்துவம் படிக்க விண்ணப்பித்தோருள் 200 க்கும் மேற்பட்டோர், எட்டாவது வயதில் வேதியியல் விளையாட்டுப் பெட்டியால் தம் இரவு உடையில் ஓட்டை விழுந்ததாக ஒரே கதையை எழுதியிருந்தது கண்டறியப்பட்டது. இணையத்தில் கிடைத்த மாதிரி அறிக்கை ஒன்றிலிருந்து அது எடுக்கப்பட்டிருந்தது. அதன்பின் அறிக்கைகள் அனைத்தும் ஒப்பீட்டு மென்பொருளால் சோதிக்கப்படுகின்றன.

இந்தியாவில் அசோகா பல்கலைக்கழகம் போன்ற சில தனியார் பல்கலைக்கழகங்கள் அமெரிக்க முறையைத் தழுவி விண்ணப்பத்துடன் கட்டுரை கேட்கின்றன. அரசு நிறுவனங்களில் இளநிலைப் படிப்புக்கு இம்முறை பெரும்பாலும் வழக்கில் இல்லை.

இவற்றையும் பார்க்க

தன்வரலாறு
சாட் தேர்வு
ஐக்கிய அமெரிக்காவில் உயர்கல்வி